உதவி உண்டு, ஒரு தாள்தான் இல்லை: எல்லைத் தமிழ் மாணவர்களின் கல்லூரிக் கவலை

கோவிந்தாபுரம்: முதலமடை மாந்தோப்புகளில் வேலை ஓய்வது மே மாதத்தில். நாட்டின் மற்றப் பகுதிகளில் மாம்பழம் தலைகாட்டுவதற்கு முன்பே இங்கிருந்து லாரிகள் கிளம்பிவிடும். பறிப்பது, தரம் பிரிப்பது, பெட்டி அடைப்பது என்று சில மாதங்கள் கூலி தவறாமல் கிடைக்கும். தென்மலை அடிவாரத்தில் மழை இறங்கும் ஜூனில் கை ஓய்ந்துவிடுகிறது. கல்லூரிகளில் சேர்க்கை நடப்பதும் அதே பருவத்தில்தான்.

வீட்டில் பணம் இல்லாத மாதத்தில்தான் பிள்ளைக்குப் பணம் தேவைப்படுகிறது. கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம், வேலந்தாவளம் என்று சோதனைச் சாவடிகளின் பெயரால் அறியப்படும் எல்லை ஊர்களில் பல தமிழ்க் குடும்பங்களின் கதை இது. இடுக்கியின் தேயிலைத் தோட்டங்களிலும், ஏலக்காட்டு ஊர்களிலும் இதே கதைதான்.

ஏழை மாணவர்களுக்கு அரசு உதவி இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அந்த உதவிக்கும் மாணவனுக்கும் நடுவே ஒரு தாள் நிற்கிறது. அது என்ன தாள், அது ஏன் கிடைக்கவில்லை என்பதை எல்லைத் தமிழர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்வது அவசியம்.

என்னென்ன உதவிகள்?

பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பட்டியல் வகுப்பு மாணவர்களுக்கான மத்திய உதவித்தொகை சுதந்திரத்துக்கு முன்பே, 1944ஆம் ஆண்டில் தொடங்கியது. 2021 மார்ச்சில் வெளியான விதிகளின்படி, ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது உரியது. செலவில் 60 சதவிகிதம் மத்திய அரசுடையது. 40 சதவிகிதம் மாநில அரசுடையது.

கல்விக் கட்டணம் போக, பி.ஏ., பி.எஸ்ஸி. போன்ற பட்டப் படிப்புகளுக்கு விடுதி மாணவருக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயும், வீட்டிலிருந்து போய் வருபவருக்கு 3,000 ரூபாயும் அந்த விதிகளில் குறிக்கப்பட்டுள்ளன. ஆண்டுக்கு 200 நாள் கல்லூரி என்று வைத்துக்கொண்டால், 3,000 ரூபாய் என்பது நாளொன்றுக்கு 15 ரூபாய். ஒரு சாயாவும் ஒரு வடையும் வாங்கினால் தீர்ந்துவிடும். ஆனாலும் கட்டணம் இல்லை என்பதே ஏழை வீட்டுக்குப் பெரிய ஆறுதல். கேரள அரசு தன் பங்குக்கு லம்ப்சம் கிராண்ட், ஹாஸ்டல் வசதி ஆகியவற்றையும் சேர்த்துத் தருகிறது. இவை அனைத்துக்கும் விண்ணப்பிக்கும் வழி ‘இ-கிராண்ட்ஸ்’ என்னும் இணைய ஏற்பாடு.

உதவி பணத்தோடு நின்றுவிடவில்லை. பாடத்தில் பின்தங்கிய மாணவர்களுக்குத் தனி வகுப்பு எடுக்கும் ‘ஸ்காலர் சப்போர்ட்’ திட்டம் 2012 வாக்கில் கேரள அரசுக் கல்லூரிகளில் வந்தது. மனக்கஷ்டத்தில் இருக்கும் மாணவர்கள் மனநல ஆலோசகரைச் சந்தித்துப் பேசுவதற்காக ‘ஜீவனி’ என்ற திட்டம் 2019ஆம் ஆண்டையொட்டித் தொடங்கப்பட்டது. பாலக்காடு யாக்கரையில் 2014இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி பட்டியல் வகுப்பு நலத்துறையின் கீழ் உருவானது; அதில் பெரும்பகுதி இடங்கள் பட்டியல் வகுப்பு மாணவர்களுக்கே ஒதுக்கப்பட்டவை.

எல்லை ஊர்களுக்கு அருகே கல்லூரிக்கும் பஞ்சமில்லை. சோகநாசினி ஆற்றங்கரையில் 1947இல், கொச்சி சமஸ்தானக் காலத்தில் தொடங்கிய சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறையே உண்டு. அந்தப் பக்கம் பொள்ளாச்சியில், 1957இல் தொடங்கிய நல்லமுத்துக் கவுண்டர் மகாலிங்கம் கல்லூரி இருக்கிறது.

அப்படியிருக்க, தடங்கல் எங்கே?

1950 என்ற கேள்வி

உதவித்தொகை கேட்கும் மாணவன் முதலில் காட்ட வேண்டியது சாதிச் சான்றிதழ். பட்டியல் வகுப்பு, பழங்குடி மாணவர்களுக்கு இதைத் தருபவர் தாசில்தார். தமிழ்க் குடும்பங்களிடம் அங்கே எழும் கேள்வி, “உங்கள் குடும்பம் 1950க்கு முன்பே இங்கே இருந்ததா?” என்பதுதான்.

காரணம் இது. பட்டியல் வகுப்புகள் எவை என்று குடியரசுத் தலைவர் ஆணை பிறப்பித்தது 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி. பழங்குடிகளுக்கான ஆணை அதே ஆண்டு செப்டம்பர் 6ஆம் தேதி. மாநிலத்துக்கு மாநிலம் பட்டியல் வேறு. அந்தத் தேதிக்குப் பிறகு வேறு மாநிலத்திலிருந்து வந்தவர்கள், வந்த மாநிலத்தில் அந்தச் சலுகையைக் கேட்க முடியாது என்பது சட்ட நிலை. 1990இலும் 1994இலும் உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. 2018இல் ஐந்து நீதிபதிகள் அமர்வும் இதையே உறுதி செய்தது.

சக்கிலியர், அருந்ததியர் என்ற பெயர்கள் கேரளப் பட்டியலிலும் இருக்கின்றன. ஆகவே பெயர் இல்லை என்பது பிரச்சினையன்று. எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் பாட்டனார் இந்த மண்ணில் இருந்தார் என்பதற்குத் தாளில் ஆதாரம் கேட்கிறார்கள். கூலி வேலை பார்த்த மனிதரிடம் நில ஆதாரம் ஏது? பள்ளிக்கூடம் போகாதவருக்குப் பள்ளிப் பதிவு ஏது?

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1950இல் கேரளம் என்ற மாநிலமே கிடையாது. மலபார் மாவட்டம் சென்னை மாநிலத்தில் இருந்தது. கோயமுத்தூரும் அதே மாநிலம். சித்தூர் கொச்சி சமஸ்தானத்தில் இருந்து, பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் சேர்ந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் இன்றைய எல்லை பிறந்தது. பழைய பதிவேடுகள் வெவ்வேறு அரசாங்கங்களின் காலத்தவை. கோடு மாறியது, மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். ஆனால் ஆதாரம் தேடி அலைவது அந்த மக்களின் பேரப் பிள்ளைகள்தான்.

கோவிந்தாபுரத்தில் அம்பேத்கர் காலனி என்று அறியப்பட்ட குடியிருப்பு 2017இல் நாடெங்கும் பேசப்பட்டது. தண்ணீர்க் குழாயிலும் தேநீர்க் கடையிலும் தீண்டாமை காட்டப்படுவதாக அங்குள்ள சக்கிலியர் குடும்பங்கள் அப்போது முறையிட்டன. 2024 ஜூனில் கேரள அரசு ‘காலனி’ என்ற பெயரையே விலக்கி, ‘நகர்’ போன்ற பெயர்களைச் சூட்டச் சொன்னது. நல்ல காரியம். பெயர்ப் பலகை மாறியது போல, அங்கே குடியிருக்கும் பிள்ளைகளின் கையிலும் சான்றிதழ் வந்து சேர வேண்டாமா?

தேவிகுளம் வழக்கு தரும் பாடம்

இந்தக் கேள்வி ஒரு சட்டமன்ற உறுப்பினரையே உச்ச நீதிமன்றம் வரை இழுத்துச் சென்றது. 2021இல் தேவிகுளம் தனித் தொகுதியில் வென்ற ஏ.ராஜாவின் தேர்தல் செல்லாது என்று 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேரளத்துப் பட்டியல் வகுப்பைச் சேர்ந்தவராக அவரைக் கருத முடியாது என்றது அந்தத் தீர்ப்பு. 2025 மே 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, தேர்தல் செல்லும் என்று அறிவித்தது. அவருடைய குடும்பம் 1950க்கு முன்பே தேயிலைத் தோட்டத்தில் குடியிருந்ததா என்பது அந்த வழக்கில் முக்கியமான விவாதமாக இருந்தது.

எல்லைத் தமிழர்கள் இதிலிருந்து கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. தோட்டத்துப் பழைய பதிவேடும் ஆதாரமாகும். மஸ்டர் ரோல், லயத்து வீட்டுப் பதிவு, பழைய வாக்காளர் பட்டியல், பிறப்பு இறப்புப் பதிவு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, பழைய ரேஷன் கார்டு ஆகிய எதையும் குப்பை என்று எறிந்துவிடக் கூடாது. சகோதரரோ, தந்தை வழி உறவினரோ முன்பே சான்றிதழ் பெற்றிருந்தால் அதன் நகலும் பயன்படும். சான்றிதழ் குறித்து ஐயம் எழும்போது விசாரணை நடத்த 1996ஆம் ஆண்டுக் கேரளச் சட்டம் வழி வகுத்திருக்கிறது. கோழிக்கோட்டில் உள்ள ‘கிர்தாட்ஸ்’ நிறுவனம் அந்த ஆய்வுப் பணியைச் செய்கிறது. வாய்மொழியாக ‘முடியாது’ என்று திருப்பி அனுப்பினால் அதோடு நின்றுவிடாமல், மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். எழுத்தில் இருந்தால்தான் மேல்முறையீடு செய்ய முடியும்.

1950க்குப் பின் வந்த குடும்பங்களுக்கும் கதவு முழுதாக மூடவில்லை. பூர்வீக மாநிலத்தின் பட்டியலில் உள்ள சாதி என்பதற்கு, குடிபெயர்ந்தவர்களுக்கென உள்ள படிவத்தில் சான்று பெறலாம். கேரள அரசுச் சலுகைக்கு அது உதவாது. ஆனால் மத்திய அரசின் கல்வி நிறுவனங்களிலும் வேலைகளிலும் இடஒதுக்கீடு கேட்க உதவும். எல்லை ஊர்களில் இது தெரிந்தவர்கள் சிலரே.

எல்லைக்கு அந்தப் பக்கம்

“தமிழில் படித்த பிள்ளை தமிழ்நாட்டிலேயே படிக்கட்டும்” என்று பொள்ளாச்சிக்கு அனுப்பும் பெற்றோர் உண்டு. அங்கே காத்திருப்பது வேறொரு தடங்கல்.

தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 5ஆம் தேதி தொடங்கப்பட்ட புதுமைப் பெண் திட்டத்தில், கல்லூரி மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய். மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கியது. ஆனால் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது விதி. பிறகு அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அவையும் தமிழ்நாட்டுப் பள்ளிகளே. கேரளத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்த பெண் அதே வகுப்பில், அதே பெஞ்சில் உட்கார்ந்தாலும் அவளுக்கு அந்த ஆயிரம் கிடையாது.

மத்திய உதவித்தொகையோ மாணவனின் சொந்த மாநிலத்தைப் பின்பற்றுவது. அவன் பொள்ளாச்சியில் படித்தாலும் கேரளம்தான் தர வேண்டும். அதற்கும் கேரளச் சான்றிதழ் வேண்டும். ஆக, சான்றிதழ் இல்லாத பிள்ளை கேரளத்தில் வெளியூர்க்காரன், தமிழ்நாட்டிலும் வெளியூர்க்காரன்.

பணம் மட்டும் போதுமா?

சான்றிதழ் கிடைத்தவர்களுக்கும் கவலை தீர்ந்துவிடவில்லை. உதவித்தொகை மாதக்கணக்கில் நிலுவையில் நின்றதால் 2023, 2024 ஆண்டுகளில் கேரளத்துப் பட்டியல் வகுப்பு, பழங்குடி மாணவர்கள் பலர் திண்டாடினர். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு நிலுவை என்பது ஒரு தாமதம். கூலிக்காரர் பிள்ளைக்கோ, ‘இந்த மாதம் போகட்டும், வேலைக்குப் போய்விட்டு வருகிறேன்’ என்று வெளியேறுவதற்கான காரணமாகிவிடுகிறது. அப்படிப் போனவர்கள் திரும்பி வருவது அபூர்வம்.

பரம்பிக்குளத்துப் பழங்குடிப் பிள்ளைகளின் சிரமம் இன்னும் கூடுதல். முதலமடை ஊராட்சியைச் சேர்ந்த பகுதிதான் அது. ஆனால் பஸ் போகும் வழி தமிழ்நாட்டின் சேத்துமடை, டாப்சிலிப் வழியாகச் செல்கிறது. தங்கள் ஊராட்சி அலுவலகத்துக்கு வர அடுத்த மாநிலத்தைக் கடந்து வர வேண்டும். இவர்களுக்கு விடுதி இடம் கிடைக்காவிட்டால் கல்லூரியே இல்லை. மூணாறிலோ, 2018 ஆகஸ்ட் பெருமழையில் அரசுக் கல்லூரிக் கட்டடமே மண்சரிவில் சிதைந்தது. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கைக்கெட்டிய தூரத்தில் இருந்த கல்லூரி அது.

மொழியும் ஒரு சுவர்தான். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைக்குப் படிவம் ஆங்கிலத்தில், விளக்கம் மலையாளத்தில். மனக்கஷ்டத்தைச் சொல்ல ஆலோசகர் இருக்கிறார். ஆனால் எந்த மொழியில் சொல்வது? தாய்மொழியில் அழத் தெரிந்த பிள்ளை, வேற்று மொழியில் ‘ஒன்றுமில்லை சார்’ என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடும்.

தமிழில் கேட்பது சலுகையன்று. 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசோடு கடிதத் தொடர்பு கொள்ள இடம் தருகிறது. குறைகளைச் சொல்லி மனுக் கொடுக்கும் எவரும் நாட்டில் வழங்கும் மொழியில் எழுதலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 350ஆவது பிரிவு. உரிமை இருக்கிறது, பயன்படுத்துவோர்தான் குறைவு.

ஆவன செய்ய வேண்டும்

கோடிகள் செலவழிக்கத் தேவையில்லை. பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே பள்ளியில் வைத்துச் சாதிச் சான்றிதழ் முகாம் நடத்தலாம். தாசில்தார், வில்லேஜ் அலுவலர், பட்டியல் வகுப்பு நலத்துறை அலுவலர் மூவரும் ஒரே நாளில் ஒரே மேஜையில் அமர்ந்தால் பாதி அலைச்சல் தீரும். சித்தூர், மூணாறு அரசுக் கல்லூரிகளில் சேர்க்கை நடக்கும் மாதங்களில் தமிழ் தெரிந்த ஒருவரை உதவி மேஜையில் உட்கார வைக்கலாம். ‘ஜீவனி’ ஆலோசகர்களிலும் தமிழ் பேசுபவர் ஒருவர் வேண்டும்.

தமிழ்நாட்டு அரசுக்கும் ஒரு வேண்டுகோள். அண்டை மாநிலத் தமிழ்ப் பள்ளிகளில் படித்து, தமிழ்நாட்டுக் கல்லூரியில் சேரும் பிள்ளைகளின் எண்ணிக்கை அரசின் கஜானாவைக் காலி செய்துவிடப் போவதில்லை. அவர்களையும் சேர்த்துக்கொண்டு விதியைத் திருத்தினால், எல்லைக்கு இப்பால் தமிழ்ப் பள்ளிகள் நிலைப்பதற்கும் அது துணையாகும்.

பெற்றோர் செய்ய வேண்டியதும் உண்டு. வீட்டில் உள்ள பழைய தாள்களை இன்றே ஒரு பையில் சேர்த்து வையுங்கள். மூத்தவர்கள் உயிரோடிருக்கும்போதே எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில், யாரோடு வந்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். ஊர் வாலிபர் சங்கங்களும் குடும்பஸ்ரீ குழுக்களும் இதை ஒரு பொதுக் காரியமாக எடுத்துக்கொள்ளலாம். விண்ணப்பத்தை அட்சயா மையத்தில் கொடுத்தபின் ரசீதை வாங்கிப் பத்திரப்படுத்துவதும் முக்கியம்.

மாங்காய்ப் பறிப்பு முடியும் மே மாதம் ஆண்டுதோறும் வரும். அதற்கு அடுத்து வரும் ஜூனில், பெட்டி சுமந்த தந்தையின் பிள்ளை கல்லூரி வாசலில் நிற்பானா, திருப்பூர் பஸ்ஸுக்கு நிற்பானா என்பது பல வீடுகளில் ஒரு தாளைப் பொறுத்திருக்கிறது. அந்தத் தாளைப் பள்ளி முடியுமுன் அவன் கையில் சேர்ப்பது பாலக்காடு, இடுக்கி மாவட்ட நிர்வாகங்களின் பொறுப்பு.