ஐவர் ஆட, ஆயிரவர் ஆர்ப்பரிக்க

கூடைப்பந்து ஆடும் களத்தை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். இரும்பு வளையத்துக்குப் பின்னால் ஒரு பலகை நிற்கிறதே, அது ஏன் அங்கே வந்தது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? பந்து பட்டுத் திரும்புவதற்காக என்று நீங்கள் விடை கூறலாம். இன்றைய ஆட்டத்தைப் பொறுத்தவரையில் அந்த விடை சரியே. ஆனால், அந்தப் பலகை முதன்முதலில் வைக்கப்பட்டது ஆட்டக்காரர்களுக்காக அன்று; பார்வையாளர்களுக்காக! பார்வையாளர்களிடமிருந்து பந்தைக் காப்பாற்றுவதற்காக என்று சொன்னால் இன்னும் பொருந்தும்.

1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர் இந்த ஆட்டத்தைப் படைத்தார். வெளியே குளிர்காலம், உள்ளே அடங்காத 18 மாணவர்கள். பீச் பழக் கூடைகள் இரண்டைக் கொண்டு வந்து, உடற்பயிற்சிக் கூடத்தின் மேல்மாடத்து விளிம்பில், தரையிலிருந்து 10 அடி உயரத்தில் அறைந்து வைத்தார். இன்றும் வளையத்தின் உயரம் அதே 10 அடிதான். விதிகள் 13. பக்கத்துக்கு 9 பேர் ஆடினார்கள். ஐவர் என்ற கணக்குப் பின்னால் வந்தது. ஆட்டம் சூடு பிடித்ததும் வேடிக்கை பார்க்க மக்கள் வந்தார்கள். மாடத்தில் நின்று பார்த்தார்கள். பார்த்ததோடு நின்றார்களா? இல்லை. தம் கட்சி எறிந்த பந்து தவறிப் போனால் கையை நீட்டிக் கூடைக்குள் தள்ளினார்கள். எதிர்க்கட்சியின் பந்தாயின் தட்டி விட்டார்கள். இந்தத் தொல்லையைத் தடுக்கவே கூடைக்குப் பின்னால் தடுப்பு வைக்கும் வழக்கம் பிறந்தது. ஆகவே, இரசிகரின் கைவரிசை இந்த ஆட்டத்தின் அமைப்பிலேயே ஒரு தழும்பாக நிலைத்துவிட்டது எனலாம்.

நெய்ஸ்மித் 1898இல் கான்சஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே அவர் பயிற்றிய அணி வென்றவை 55, தோற்றவை 60. அப்பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் வரிசையில் தோல்விக் கணக்கு மிகுதியாக உள்ளவர், ஆட்டத்தைக் கண்டுபிடித்த அவர் ஒருவரே! இன்றைய இரசிகர்கள் கையில் அவர் அகப்பட்டிருந்தால் என்ன பாடு பட்டிருப்பாரோ, தெரியவில்லை.

இனி, அமெரிக்கக் கல்லூரிகளில் இந்த ஆட்டத்துக்கு உள்ள இடத்தைச் சிறிது பார்ப்போம். அங்கே கல்லூரி அணி என்பது கல்லூரிக்கு மட்டும் உரியதன்று. ஊரார், பழைய மாணவர், பொருள் உதவுவோர் ஆகிய அனைவரும் அதைத் தம்முடையதாகவே கருதுகிறார்கள். ஆயினும் அரங்கத்தில் மாணவர்களுக்கென்று ஒரு பகுதி தனியே ஒதுக்கப்படும். பணம் உள்ளவர்கள் நல்ல இருக்கைகளைப் பிடித்துக்கொள்ள, மாணவர்கள் எங்கோ மேலே தள்ளப்படுவதும் பல இடங்களில் உண்டு. இதற்கு மாறான இடம் ஒன்று வட கரோலினா மாநிலத்து டர்ஹாம் நகரில் இருக்கிறது. அது ட்யூக் பல்கலைக்கழகத்தின் கேமரன் உள்ளரங்கு.

1940ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் திறக்கப்பட்ட அந்த அரங்கில் 9,314 பேர் இருக்கலாம். அமெரிக்க அளவில் அது சிறிய அரங்கே. அதை வடிவமைத்தவர் ஜூலியன் ஏபெல் என்னும் கறுப்பினக் கட்டடக் கலைஞர். அவர் வரைந்த கட்டடங்களில் அவருடைய இனத்து இளைஞர் அமர்ந்து படிக்க 1960களின் தொடக்கம்வரை அப்பல்கலைக்கழகம் இடம் தரவில்லை என்பதையும் இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. அரங்கின் புகழுக்குக் காரணம் இருக்கை அமைப்பு. களத்தை ஒட்டிய கீழ்ப்பகுதி மாணவர்களுக்கு. மெத்தை வைத்த நாற்காலிகள் மேலே, முதியவர்களுக்கு. மாணவர்கள் ஆட்டம் முடியும்வரை உட்காருவதில்லை. முகத்திலும் உடம்பிலும் நீல வண்ணம் பூசிக்கொண்டு, நின்றபடியே குதிப்பார்கள், கூவுவார்கள். எல்லைக் கோட்டில் நின்று பந்தை உள்ளே எறிய வரும் எதிரணி ஆட்டக்காரரின் காதுக்கும் அவர்கள் வாய்க்கும் இடையே ஒரு முழ தூரங்கூட இராது. 'கேமரன் பித்தர்கள்' என்ற பெயர் அவர்களுக்கு வழங்கலாயிற்று. அதைப் பட்டமாகவே அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

இந்த இடங்களுக்காக அவர்கள் படும் பாடும் பெரிது. 1986ஆம் ஆண்டில் சில மாணவர்கள், அண்டை ஊர்ப் போட்டியாளராகிய வட கரோலினாப் பல்கலைக்கழகத்தோடு நடக்கும் ஆட்டத்துக்கு முன்வரிசை பிடிக்க, அரங்கின் வாயிலில் கூடாரம் அடித்துத் தங்கினார்கள். அது வழக்கமாகிவிட்டது. இப்போது ஆண்டுதோறும் குளிர்காலத்தில் வாரக்கணக்கில் அங்கே ஒரு கூடார ஊரே எழுகிறது. ஒரு கூடாரத்துக்கு 12 பேர் வரை; இன்ன நேரத்தில் இத்தனை பேர் இருந்தே ஆகவேண்டும் என்று சட்டம்; அதைச் சோதிக்க மாணவரிலேயே காவலர். கையில் பாடநூலும் காலில் கம்பளிக் காலுறையுமாக முறை வைத்துக் கிடக்கிறார்கள். ஊருக்குப் பெயர், பயிற்சியாளர் மைக் ஷஷெவ்ஸ்கியின் பெயரால் ஏற்பட்டது. அந்தப் பெயரை உச்சரிக்க அமெரிக்கர்களே திணறுகிறார்கள் என்பதால் நாம் வெட்கப்படவேண்டியதில்லை.

இத்தகைய பற்று, ஆட்டக்காரர்களைப் பற்றிய கருத்தாக மாறும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. யார் ஆடவேண்டும், யார் வெளியே உட்காரவேண்டும், பயிற்சியாளரை வைத்துக்கொள்ளலாமா, அனுப்பிவிடலாமா? இவற்றைப் பற்றித் தீர்ப்புக் கூறாத இரசிகர் எங்கும் இல்லை. அந்தத் தீர்ப்புகள் எத்தனை தூரம் நம்பத்தக்கவை? ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஷஷெவ்ஸ்கி 1980இல் ட்யூக்குக்கு வந்தார். 1982-83 ஆட்டப் பருவத்தில் அவர் அணி 11 ஆட்டங்களில் வென்று 17இல் தோற்றது. கடைசித் தோல்வி வர்ஜீனியாவிடம், 109க்கு 66. ஜானி டாக்கின்ஸ், மார்க் அலரி, ஜே பைலஸ் முதலிய முதலாண்டு மாணவர்களை நம்பி அவர் ஆடியதே இதற்குக் காரணம் என்றார்கள். இவரை அனுப்பிவிடுங்கள் என்று பழைய மாணவர் பலர் முழங்கினார்கள். விளையாட்டுத் துறைத் தலைவர் டாம் பட்டர்ஸ் செவிசாய்க்கவில்லை. 1984இல் ஒப்பந்தத்தை நீட்டியே கொடுத்தார். அந்த முதலாண்டு மாணவர்களே நான்காம் ஆண்டில், 1986இல், 37 வெற்றிகளோடு தேசிய இறுதியாட்டம் வரை சென்றார்கள். ஷஷெவ்ஸ்கியோ பிற்காலத்தில் ஐந்து முறை தேசிய வெற்றிக் கோப்பையைக் கைப்பற்றினார்.

இரசிகர் முட்டாள்கள் என்று இதனால் நான் கூறுவதாக எண்ணிவிடாதீர்கள். அவர்கள் கண்முன் இருப்பது இன்றைய ஆட்டம். பயிற்சிக் கூடத்தில் நாள்தோறும் நடப்பது அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவ்வளவே.

கருத்துத் தவறினால் பெருந்தீங்கு இல்லை. சொல் தவறினால்? 1984 சனவரியில் மேரிலாந்து அணி கேமரன் அரங்குக்கு வந்தது. அவ்வணியின் ஆட்டக்காரர் ஒருவர்மீது வெளியே ஒரு குற்றச்சாட்டு எழுந்திருந்தது. அதைக் குத்திக்காட்டி மாணவர்கள் ஆபாசமாகக் கூவினார்கள். கூசத்தக்க பொருள்களை ஆடுகளத்தில் எறிந்தார்கள். நாடெங்கும் செய்தித்தாள்கள் கண்டித்தன. அப்போது பல்கலைக்கழகத் தலைவராக இருந்தவர் டெர்ரி சான்ஃபோர்டு. முன்னர் அம்மாநிலத்தின் ஆளுநராகப் பணியாற்றியவர். அவர் தண்டனை விதிக்கவில்லை. ஒரு கடிதம் எழுதினார். தகாத சொல்லை நாடுவது சொல்வளம் இல்லாமையைக் காட்டுகிறது என்றும், எதிரியைக் கலங்கடிப்பதானாலும் கண்ணியமாகவும் அறிவோடும் செய்யலாமே என்றும் பொருள்பட எழுதி, மாமன் மருமக்களுக்கு எழுதுவதுபோல 'டெர்ரி மாமா' என்று கையொப்பம் இட்டார்.

அடுத்து வட கரோலினா அணி வந்த நாளில் மாணவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கம்பியிலும் அலுமினியத் தாளிலும் ஒளிவட்டம் செய்து தலையில் மாட்டிக்கொண்டு, தேவதூதர்களாக வந்து நின்றார்கள். எதிரணிப் பயிற்சியாளர் டீன் ஸ்மித்துக்கு மனமார்ந்த வரவேற்புப் பலகை பிடித்தார்கள். நடுவர் தம் அணிக்கு மாறாகத் தீர்ப்பளித்தபோது, வழக்கமான வசைக்குப் பதிலாக, "பணிவுடன் மாறுபடுகிறோம்!" என்று ஆயிரம் குரல் ஒன்றாக எழுந்தது. அன்று வென்றது வட கரோலினா. அவ்வணியில் மைக்கேல் ஜோர்டன் இருந்தார். ஆனால் அந்த நாளை நினைப்பவர்கள் ஒளிவட்டத்தையும் மறப்பதில்லை. வசை மறைந்து நையாண்டி வந்த இந்த மாற்றம் நிலையாக நின்றதா என்றால், இல்லை. தகாத கூவல்கள் பின்னும் அவ்வப்போது தலைகாட்டின. ஆயினும் கூட்டத்துக்கும் நாகரிகம் கற்பிக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

சரி, இந்தக் கூச்சலால் உண்மையில் பயன் உண்டா? கூடைப்பந்தில், ஒருவரைத் தவறாக இடித்தாலோ தடுத்தாலோ, அவருக்குத் தனி எறிவு தரப்படும். பலகையிலிருந்து 15 அடி தொலைவில், தடுப்பார் எவருமின்றி நின்று, 18 அங்குல விட்டமுள்ள வளையத்துக்குள் பந்தை இட வேண்டும். அந்த நேரத்தில் வளையத்துக்குப் பின்னால் மாணவர்கள் கையை ஆட்டுவார்கள். பொம்மைகளைத் தூக்கிக் காட்டுவார்கள். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக மாணவர்கள் 2013இல் ஒரு திரையே கட்டினார்கள். எறியும் கணத்தில் திரை விலகும். உள்ளே விந்தை வேடங்கள் தோன்றும். 2016இல் ஒருநாள் திரையை விலக்கினால், நீச்சல் உடையும் கழுத்து நிறைய ஒலிம்பிக் பதக்கங்களுமாக மைக்கேல் ஃபெல்ப்ஸ் நின்றார்! எறிந்தவர் இரண்டையும் தவறவிட்டார். நல்ல வேடிக்கைதான். ஆனால், கல்லூரி ஆட்டங்களில் தனி எறிவு 100க்கு ஏறத்தாழ 70 என்ற அளவில், பல பத்தாண்டுகளாகப் பெரிதும் மாறாமலே இருந்து வந்திருக்கிறது. தேர்ந்த ஆட்டக்காரர் வளையத்தின் விளிம்பை மட்டுமே பார்க்கப் பழகியவர். அதற்கு அப்பால் உள்ளது அவருக்கு வெறும் வண்ணம். சொந்தக் களத்தில் ஆடுவோர் மிகுதியாக வெல்வது மறுக்க முடியாத உண்மை. அதற்குப் பயணக் களைப்பு, பழகிய களம் ஆகியவற்றோடு, பெருங்கூச்சல் நடுவரின் மனத்தைச் சிறிது சாய்ப்பதும் காரணம் என்று ஆராய்ந்தவர்கள் கூறுகிறார்கள். அஃதாவது, ஆட்டக்காரரைக் குறிபார்த்து எறிந்த சொல் நடுவர்மேல் போய்ப் படுகிறது!

ஆர்ப்பரிப்பின் நல்ல முகத்தையும் பார்க்கவேண்டும். கான்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆலன் அரங்கில், 2017 பிப்ரவரி 13 அன்று, மேற்கு வர்ஜீனியாவுக்கு எதிராக எழுந்த ஆரவாரம் 130.4 டெசிபெல் என்று கின்னஸ் அமைப்பினர் அளந்தார்கள். அன்று மூன்று நிமிடங்களுக்கும் குறைவாக இருந்தபோது கான்சஸ் 14 புள்ளி பின்தங்கியிருந்தது. ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய், கான்சஸே வென்றது. அங்கே வெற்றி உறுதியானதும் மாணவர்கள் மெல்ல, நீட்டி முழங்கும் வாழ்த்தொலி ஒன்று உண்டு. 1886இல் வேதியியல் பேராசிரியர் ஒருவர் தொடங்கி வைத்தது. அந்தக் குன்றின் சுண்ணப் பாறையைப் பற்றியது. எவரையும் இகழாத கூவல் அது. கேட்பவர்க்கு மயிர்க்கூச்செறியும்.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சிகளும் உண்டு. 2008இல் கெவின் லவ் என்ற முதலாண்டு மாணவர், தம் சொந்த மாநிலமான ஆரிகனுக்கு வேற்று அணிக்காரராக வந்தபோது, அவருடைய தொலைபேசி எண்ணை யாரோ அறிந்து பரப்ப, வசையும் மிரட்டலும் குவிந்தன. பார்க்க வந்த அவர் குடும்பத்தாரையும் கூட்டம் விட்டுவைக்கவில்லை. 2014இல் மார்க்கஸ் ஸ்மார்ட் என்னும் ஆட்டக்காரர், எல்லைக்கு வெளியே விழுந்து எழுந்தபோது இரசிகர் ஒருவர் சொன்ன சொல்லைப் பொறாமல் அவரைத் தள்ளிவிட்டார். மூன்று ஆட்டங்களுக்கு விலக்கப்பட்டார். இழிசொல் சொன்னதை அந்த இரசிகரும் ஒப்புக்கொண்டார். 2024 பிப்ரவரியில் வேக் ஃபாரஸ்டு அணி ட்யூக்கை வென்றதும் மாணவர்கள் களத்தில் வெள்ளமாகப் பாய, ட்யூக்கின் கைல் ஃபிலிப்போவ்ஸ்கி காலில் அடிபட்டுத் தாங்கலாக வெளியேறினார். இவர்களுக்கெல்லாம் அப்போது 19, 20 வயது. கூவியவர்களில் பலருக்கும் அதே வயதுதான்.

இன்று நிலைமை இன்னும் சிக்கலாகியிருக்கிறது. 2021 சூலை முதல் கல்லூரி ஆட்டக்காரர் தம் பெயராலும் புகழாலும் பணம் ஈட்டலாம். 2025 முதல் கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரலாம். "பணம் வாங்குகிறவரை ஏசினால் என்ன?" என்று இப்போது சிலர் கேட்கிறார்கள். 2018இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, விளையாட்டுப் பந்தயத்துக்கு மாநிலங்கள் கதவைத் திறக்க வழி செய்தது. பந்தயம் கட்டித் தோற்றவர், தோல்விக்குக் காரணமென்று தாம் கருதும் மாணவருக்கு நேரே வசையும் மிரட்டலும் அனுப்புகிறார். இவர் அரங்குக்குள் வந்தவர்கூட அல்லர். கூடாரத்தில் குளிரில் கிடந்து, தொண்டை கட்டக் கூவும் மாணவர் எத்துணையோ மேலானவர் என்றே நான் சொல்வேன். அவர் தம் முகத்தை மறைப்பதில்லை. தோல்வியிலும் அவருக்குப் பங்கு உண்டு.

2020-21ஆம் ஆண்டுப் பருவத்தில் நோய்த்தொற்றுக் காரணமாகக் கேமரன் அரங்கில் இரசிகர் இல்லை. பந்து தரையில் மோதும் ஒலியும் காலணி உராயும் ஒலியும் மட்டுமே கேட்டன. ட்யூக் 13 ஆட்டங்களில் வென்று 11இல் தோற்றது. 1995க்குப் பின் முதன்முறையாகத் தேசியப் போட்டிக்குத் தகுதி பெறவில்லை. அதற்கு ஆரவாரமின்மையே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அணியும் அவ்வாண்டு இளைய அணியே.

அடுத்த ஆண்டு கூடாரங்கள் மீண்டும் எழுந்தன. 2022 மார்ச் 5 அன்று ஷஷெவ்ஸ்கி அந்த அரங்கில் பயிற்சியாளராகக் கடைசி முறை அமர்ந்தார். பழைய ஆட்டக்காரர்கள் திரண்டு வந்திருந்தார்கள். எதிரே வட கரோலினா. 94க்கு 81 என்ற கணக்கில் ட்யூக் தோற்றது. விழாவுக்காக ஒலிபெருக்கியைக் கையில் வாங்கிய அவர், முதலில் தோல்விக்காக மன்னிப்புக் கேட்டார். இன்றைய ஆட்டம் ஏற்கத்தக்கதன்று என்றார். மாணவர் பகுதியிலிருந்து "இல்லை, இல்லை" என்று குரல்கள் எழுந்தன. 42 ஆண்டுகள் அந்தக் கூச்சலின் நடுவே வாழ்ந்தவர், எல்லாரையும் அமைதியாக இருக்கச் சொல்லிவிட்டு, தாம் சொன்னதையே மீண்டும் ஒருமுறை சொன்னார்.