சிரிக்கும் சபையும் நடுங்கும் ஆசிரியனும்

நாடகக் கொட்டகையில் திரை விலகுமுன் மிகுதியாக அஞ்சுபவர் யார் என்று கேட்டால், நடிகரே என்று பலரும் விடை பகர்வர். நாம் அதனை ஒப்புவதற்கில்லை. நடிகருக்கு வேடம் உண்டு, வசனம் உண்டு, தடுமாறினால் கைகொடுக்கப் பக்கத்திலே இன்னொருவர் உண்டு. கடைசி வரிசைக்கும் பின்னால், சுவரோடு சாய்ந்து நின்று, சபையோரின் பிடரிகளையே பார்த்துக்கொண்டிருக்கும் நாடகாசிரியனுக்கு இவற்றில் ஒன்றுமே இல்லை. அதிலும் அவன் எழுதியது காதலும் நகையும் கலந்த நாடகமாயின் அவன் நிலை இன்னும் இரங்கத்தக்கது. சோக நாடகத்தின்போது சபை மௌனமாயிருந்தால், உள்ளம் உருகிவிட்டார்கள் என்று தேறுதல் கொள்ளலாம். நகைச்சுவை நாடகத்திலே மௌனத்துக்கு ஒரே பொருள்தான் உண்டு.

இந்த அச்சத்துக்கு மருந்தாகவே மேல்நாட்டார் முன்னோட்டக் காட்சி என்னும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டனர். நியூயோர்க் நகரின் பிறோட்வேயிலும் லண்டன் மேற்குப்பகுதி அரங்குகளிலும் புதிய நாடகம் ஒன்று முறைப்படி அரங்கேறுமுன் சில நாட்களோ சில வாரங்களோ பொதுமக்கள் முன்னிலையில் நடிக்கப்படுகிறது. ரிக்கற் வாங்கித்தான் போகவேண்டும். ஆயினும் பத்திரிகை விமர்சகர் தமது தீர்ப்பை அரங்கேற்ற நாள் வரையில் வெளியிடாதிருப்பது மரபு. இரவில் நடிப்பு, பகலில் திருத்தம். நேற்றுப் பார்த்தவர் கேட்ட வசனத்தை இன்று பார்ப்பவர் கேளாமலே போகலாம். முன்னாளில் அமெரிக்க நாடகக் குழுவினர் இதற்காகவே நியூஹேவன், பொஸ்ரன், பிலடெல்பியா முதலிய வெளியூர்களுக்குச் சென்று நடித்துப் பார்த்து, அதன் பின்னரே நியூயோர்க்கில் காலடி வைப்பர்.

முன்னோட்டச் சபையில் எதைக் கவனிக்கிறார்கள்? சிரிப்பைத்தானே என்று வாசகர் நினைக்கலாம். சிரிப்பை எவரும் கவனிப்பர். அனுபவம் முதிர்ந்த நெறியாளர் கவனிப்பது இருமலை. காட்சி தொய்யும்போது முதலில் ஒருவர் இருமுவார், அவரைத் தொடர்ந்து நால்வர் இருமுவர், நாற்காலிகள் கிறீச்சிடும், மடியில் கிடக்கும் நிகழ்ச்சித் தாள் சரசரக்கும். தொண்டையில் நோய் இருந்து வந்த இருமல் அன்று அது. மேடையிலே காதலன் உருகி உருகிப் பேசுகையில் இந்த இருமல் எழுந்தால் அந்தப் பேச்சிலே பாதி மறுநாள் இராது.

இதிலே இன்னொரு சூட்சுமமும் உண்டு. ஒத்திகையின்போது சிரிப்பதற்கு ஆளில்லை. ஆகவே ஒரு வசனத்துக்குப் பின் எத்தனை விநாடி பொறுத்திருக்க வேண்டுமென்பது நடிகருக்குத் தெரியாது. சிரிப்பு ஓயுமுன் பேசினால் அடுத்த வசனம் செவியில் விழாது. ஓய்ந்த பின்னும் காத்திருந்தால் காட்சி குளிர்ந்துவிடும். அலை தணியத் தொடங்கும் அந்தக் கணத்தைப் பிடிக்க வேண்டும். இதனைக் கற்பிக்க வல்லவர் சபையோர் ஒருவரே.

அண்மைக் காலத்து உதாரணம் ஒன்று கூறுவோம். நீல் சைமன் என்னும் அமெரிக்க ஆசிரியர் 1963ஆம் ஆண்டிலே, புதுமணத் தம்பதிகள் இருவர் நியூயோர்க்கில் மாடிவீடொன்றிற் குடிபுகும் கதையை நாடகமாக எழுதினார். பென்சில்வேனியா மாநிலத்தின் நியூஹோப் என்னும் சிற்றூரிலுள்ள பக்ஸ் கவுண்டி அரங்கில் அது முதலில் நடிக்கப்பட்டபோது ‘என்னை எவரும் நேசிப்பதில்லை’ என்னும் பொருள்படும் பெயரைத் தாங்கியிருந்தது. பிறோட்வேக்கு வந்தபோது ‘பெயார்புட் இன் த பார்க்’ ஆயிற்று. வெறுங்காலுடன் பூங்காவிலே நடக்கமாட்டாத கணவன் மீது இளமனைவிக்கு வரும் ஊடல்தான் கதையின் முடிச்சு. அந்த ஆண்டு ஒக்டோபர் 23ஆம் திகதி பில்ட்மோர் அரங்கில் தொடங்கி 1530 காட்சிகள் நடந்தது. மைக் நிக்கல்ஸ் பிறோட்வேயில் நெறிப்படுத்திய முதல் நாடகமும் அதுவே.

அந்த நாடகத்தில் நம்மைக் கவர்ந்தது காதலன்று, படிக்கட்டு! வீடு ஐந்தாம் மாடியில் இருக்கிறது, மின்தூக்கி இல்லை. வாயிலைத் தாண்டி வருபவர் எவராயினும் மூச்சிரைக்க இரைக்கத்தான் வருகிறார். தொலைபேசி பூட்ட வருபவர் ஒருவிதமாய் இரைக்கிறார், கணவன் ஒருவிதமாய், மாமியார் வேறொரு விதமாய். பொதி சுமந்து வரும் முதியவர் ஒருவர் வாய்திறந்து ஒரு சொல்லும் பேசாமலே, பேச மூச்சில்லாமையினாலேயே, சபையைச் சிரிக்கவைத்துப் போய்விடுகிறார். காகிதத்திலே படிக்கும்போது இது ஒன்றுமில்லை. சபையிலே இருப்பவர் தாமும் வாழ்நாளில் எத்தனையோ படிகள் ஏறி இளைத்தவர்கள். அவர்கள் வந்து அமர்ந்த பின்னரே அந்தப் படிக்கட்டு உண்மையாகிறது.

சைமனுக்குச் சபை எப்போதும் இவ்வளவு எளிதில் வசப்பட்டதென்று எண்ணவேண்டாம். 1965ஆம் ஆண்டிலே அவருடைய ‘ஒட் கப்பிள்’ நாடகம் பொஸ்ரனில் முன்னோட்டம் கண்டபோது முதலிரண்டு அங்கங்களும் கொட்டகையைக் குலுக்கின. மூன்றாம் அங்கம் படுத்துவிட்டது. எழுதி எழுதிப் பார்த்தும் எழும்பவில்லை. அவ்வூர் விமர்சகர் எலியட் நோர்ட்டன், இரண்டாம் அங்கத்தில் வந்துபோகும் பிஜன் சகோதரிகள் என்னும் ஆங்கிலப் பெண்கள் இருவரையும் பிறகு காணோமே என்று குறைப்பட்டார். சைமன் அவர்களை மூன்றாம் அங்கத்துக்கு அழைத்து வந்தார். நாடகம் எழுந்து நின்றது. குறைகூற வந்தவரே வைத்தியரானார் என்பது அபூர்வமான சங்கதியாகையால் இங்கே குறித்தோம்.

முன்னோட்டச் சிரிப்பை முழுவதும் நம்பலாமோ? நம்பலாகாது. முதற் சில இரவுகளில் ஆசனங்களை நிரப்புவோர் பெரும்பாலும் ஆசிரியனின் சிநேகிதர், நடிகையின் சிற்றன்னை, முதலீட்டாளரின் மைத்துனர் ஆகியோரே. அவர்கள் நாற்காலியில் அமருமுன்பே சிரிக்கத் தொடங்கிவிடுவர். அன்பின் சிரிப்பைக் கலையின் சிரிப்பென்று கருதி ஏமாந்த நாடகங்கள் அநேகம்.

சிநேகிதரின் சிரிப்பைப் பற்றிப் பேசுகையில் ஒலிவர் கோல்ட்ஸ்மித்தின் நினைவு வராமற்போகாது. அவர் எழுதிய ‘ஷீ ஸ்ரூப்ஸ் ரு கொங்கர்’ 1773ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் திகதி லண்டன் கொவென்ற் கார்டன் அரங்கில் மேடையேறியது. கூச்ச சுபாவமுள்ள வாலிபன் ஒருவன் ஒரு கனவானின் வீட்டைச் சத்திரமென்று எண்ணி மயங்குவதும், அவ்வீட்டு மகள் பணிப்பெண்ணைப் போல் நடந்து அவன் உள்ளத்தைக் கவர்வதும் கதை. கண்ணீர் பெருக்கும் நாடகங்களே நாகரிகமெனக் கொள்ளப்பட்ட காலம் அது. அரங்கின் முகாமையாளர் ஜோர்ஜ் கோல்மன் இந்த நாடகம் தோற்றே தீரும் என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்டார். அவருடைய அவநம்பிக்கை நடிகரையும் தொற்றியது. பெயர்பெற்ற நடிகர் சிலர் தமது பாகங்களைத் துறந்தனர். ஆசிரியரின் நண்பர் சாமுவேல் ஜோன்சன் முதலானோர் திரண்டு வந்து கொட்டகையில் இடம்பிடித்தனர்.

அன்றைய இரவைப் பற்றி றிச்சார்ட் கம்பலன்ட் என்பார் பிற்காலத்தில் எழுதிய கதை சுவையானது. நண்பர் குழாத்திலே கொட்டகை அதிரச் சிரிக்கவல்ல ஒருவர் இருந்தாராம். சிரிக்க அறிவாரேயன்றி எப்போது சிரிப்பதென்று அறியார். ஆகவே பக்கத்தில் ஒருவர் அமர்ந்து சாடை காட்ட, அவர் சிரிக்க, சபையோர் மேடையை விட்டு அவரையே பார்க்கத் தொடங்கினராம். கொஞ்ச நேரத்தில் சாடையையும் எதிர்பாராமல் ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் முழங்கலானாராம். கம்பலன்ட் தாமே நாடகாசிரியர், கோல்ட்ஸ்மித்துக்குப் போட்டியாளர். அவர் சொல்லை அப்படியே விழுங்காமல் சற்று உப்பைக் குறைத்து உண்பது நலம்.

கோல்ட்ஸ்மித் கொட்டகைக்குள் இருக்கவே துணியாமல் சென்ற் ஜேம்ஸ் பூங்காப் பக்கம் உலாவிக்கொண்டிருந்தார் என்பர். ஐந்தாம் அங்கத்தின்போது உள்ளே நுழைந்தவரின் செவியில் சீறல் ஒலியொன்று விழுந்தது. ஒரேயொரு சீறல்! மனிதர் கலங்கிப்போனார். இரண்டு மணிநேரமாக வெடிமருந்துப் பீப்பாயின்மேல் அமர்ந்திருப்பவர்கள் நாம், ஒரு சீனவெடிக்கா பயப்படுவது என்ற கருத்துப்படக் கோல்மன் அவரை அடக்கினாராம். நாடகம் வென்றது. ஆசிரியரின் உரிமை இரவுகள் மூன்றின் வருமானமாக அவருக்கு ஏறக்குறைய 500 பவுண் கிடைத்தது. அந்த உரிமை இரவு என்பதை வாசகர் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். மூன்றாம், ஆறாம், ஒன்பதாம் இரவுகளின் இலாபமே அக்காலத்து ஆசிரியனுக்குக் கூலி. முதலிரவோடு நாடகம் மடிந்தால் அவன் கைக்கு ஒரு பென்னியும் வாராது.

இப்படி மடிய இருந்த நாடகம் ஒன்று, இரண்டே ஆண்டுகளின் பின், அதே அரங்கில் நடந்தது. றிச்சார்ட் பிறின்ஸ்லி ஷெரிடனுக்கு அப்போது வயது 23. டப்ளினிற் பிறந்தவர். பாத் நகரில் பாடிப் புகழ்பெற்ற எலிசபெத் லின்லியை 1772இல் பிரான்சுக்கு அழைத்துக்கொண்டு ஓடியவர். அதன்பொருட்டு ஒரே மனிதனோடு இருமுறை வாட்போர் செய்து இரண்டாம் முறை படுகாயமுற்றவர். 1773இல் முறைப்படி மணந்தபின், மனைவி பணத்துக்காக மேடையிற் பாடுதல் தமக்குத் தகாதென்று தடுத்துவிட்டார். குடும்பத்தில் வருவாய் ஈட்டவல்ல குரல் ஒன்றுதான் இருந்தது, அதையும் அடைத்தாயிற்று. இனி அவருடைய பேனாவே சோறு போடவேண்டும். அந்த நிலையில் எழுதியதுதான் ‘த றைவல்ஸ்’.

1775 சனவரி 17ஆம் திகதி முதற்காட்சி. நூல்நிலையத்துக் காதற் கதைகளைப் படித்துப் படித்து, ஏழையோடு ஓடிப்போவதே காதல் என்று நம்பும் செல்வப்பெண் லிடியா. அவளுக்காக ஏழை வேடம் பூண்ட செல்வந்தர் மகன். பெரிய பெரிய சொற்களை இடம்மாறிப் பெய்து பேசும் அத்தை மாலப்ரொப். இவர்களை இன்று அறியாதார் இல்லை. அன்றைய சபையோ பொறுமை இழந்தது. நாடகம் வழக்கத்துக்கு மேல் மிக நீண்டது. தந்தையாக நடித்த ஷூட்டர் வசனத்தைப் பாடஞ்செய்திருக்கவில்லை. அயர்லாந்துக்காரரான சேர் லூசியஸ் என்னும் பாத்திரம் அந்நாட்டவரை இழிவுபடுத்துகிறதென்று கொதிப்பு எழுந்தது. அக்காலத்துக் கொட்டகையில் சபைப்பக்கத்து மெழுகுதிரிகளையும் அணைப்பதில்லையாதலால் நடிகரும் சபையோரும் ஒருவர் முகத்தை ஒருவர் நன்கு காண்பர். குறிபார்த்து எறிவதற்கும் வசதி. சேர் லூசியசாக வந்த லீயின் மேல் அப்பிள் ஒன்று வந்து விழுந்தது. அவர் நடிப்பை நிறுத்தி, இது தமக்கா, தாம் பேசும் வசனத்துக்கா என்று கேட்டதாகச் சொல்வர். கேட்கவேண்டிய கேள்விதான்! விமர்சகர் சிலர், அத்தையின் சொற்பிழைகள் நம்பத்தக்கனவல்ல என்றும் எழுதினர். அந்த அத்தையின் பெயரே இன்று ஆங்கில அகராதியில் அத்தகைய பிழைக்குப் பெயராக நிற்கிறது.

நாடகம் நிறுத்தப்பட்டது. வீட்டிலே எலிசபெத் இதைக் கேட்டு மகிழ்ந்து, நாடகம் எழுதிப் பிழைக்க முடியாதென்று தெரிந்துவிட்டதல்லவா, இனி நான் பாடப் போகலாமே என்றாளென ஒரு கதை வழங்குகிறது. மெய்யோ பொய்யோ, அந்தப் பெண்ணின் வாயில் பொருந்தும் சொல்.

ஷெரிடன் சபையோரைத் திட்டிக்கொண்டு மூலையில் உட்காரவில்லை. பதினொரு நாட்களுள் நாடகத்தை வெட்டித் திருத்தி, இரட்டைப்பொருள் தொனித்த கொச்சைகளைக் களைந்து, சேர் லூசியசை மானமுள்ள கனவானாக்கினார். லீக்குப் பதில் கிளிஞ்ச் என்னும் நடிகர் வந்தார். சனவரி 28ஆம் திகதி மீண்டும் மேடையேறியபோது, சீறியவர்களே கைதட்டினர். முதலிரவுப் பிரதி உத்தரவு பெறுவதற்காக அரசாங்க அதிகாரியிடம் சமர்ப்பிக்கப்பட்டிருந்தமையால் அழியாது தப்பியது. இன்று கலிபோர்னியாவின் ஹன்ரிங்டன் நூல்நிலையத்தில் உள்ளது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போர் சபை சொன்ன குறைகளிற் பெரும்பாலானவை நியாயமானவை என்று காண்பர். பின்னர் நூல் அச்சானபோது எழுதிய முன்னுரையில், முதலிரவுச் சபையைப் பொதுமக்கள் சார்பாகக் கடைசி ஒத்திகைக்கு வந்திருக்கும் நேர்மையுள்ள நண்பனாகக் கொள்வதில் ஆசிரியனுக்கு என்ன தடை என்ற கருத்தை ஷெரிடன் வெளியிட்டார். முன்னோட்டக் காட்சி என்ற பெயர் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே அதன் இலக்கணத்தை வகுத்துவிட்டார்!

எனினும் சபை கேட்டதையெல்லாம் அவர் கொடுத்துவிடவில்லை. மாலப்ரொப் அத்தையை அவர் கைவிட்டாரில்லை. நம்பத்தக்கதல்ல என்று விமர்சகர் கூறினும், அத்தை அத்தையாகவே நின்றாள். மாறாக, ஐயமே உருவான காதலன் போக்லண்டும் பொறுமையே உருவான ஜூலியாவும் உருகிப் பேசும் காட்சிகளை அன்றைய நாகரிகம் விரும்பிற்று. பிற்காலத் தயாரிப்பாளர் பலர் அவற்றிலேயே கத்தரிக்கோலை வைத்தனர். அங்கேதான் இருமல் எழுகிறது போலும்.

கிளிஞ்சின் உதவியை ஷெரிடன் மறக்கவில்லை. அதே ஆண்டு மே 2ஆம் திகதி அந்த நடிகரின் உதவிக் காட்சிக்கென்றே ‘சென்ற் பற்றிக்ஸ் டே’ என்னும் சிறிய கேலி நாடகத்தை எழுதிக் கொடுத்தார். அப்பிள் பட்ட லீக்கு எதுவும் எழுதிக் கொடுத்ததாகத் தெரியவில்லை.