குழந்தையின் கால் எங்கே இருக்கிறது?

காலை எட்டரை மணி. பள்ளிக்கூட வாசலில் ஓர் அப்பா சைக்கிளை நிறுத்துகிறார். கேரியரில் நாலு வயதுப் பெண் குழந்தை. முதுகில் பை, இரண்டு கைகளும் அப்பாவின் சட்டையை இறுகப் பிடித்திருக்கின்றன. "பாப்பா, காலை அகட்டி வெச்சுக்கம்மா" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்திருப்பார். பிள்ளையும் சொன்னதைக் கேட்கத்தான் செய்யும். ஆனால், கண்ணைத் தூக்கம் சொக்கினாலோ, தெருநாயைத் திரும்பிப் பார்த்தாலோ, அகட்டி வைத்த கால் தானாகத் தொங்கி உள்ளே வந்துவிடும். அங்கிருந்து சக்கரத்துக்கு நாலு விரற்கடை தூரம்தான்.

குழந்தைக்கென்று சைக்கிளில் தனி சீட் எதற்கு என்ற கேள்விக்கு விடை அந்த நாலு விரற்கடையில் இருக்கிறது.

நொடிக்கு 60 கம்பிகள்

நம் ஊர் 28 அங்குல சைக்கிளின் சக்கரம் ஒரு சுற்றில் ஏறத்தாழ 2.2 மீட்டர் ஓடும். மணிக்கு 12 கி.மீ. என்ற நிதான வேகத்திலேயே நொடிக்கு ஒன்றரைச் சுற்று. பின்சக்கரத்தில் வழக்கமாக 40 ஸ்போக்ஸ் கம்பிகள் இருக்கும். அப்படியானால், ஓரிடத்தை நொடிக்கு 60 கம்பிகள் கடக்கின்றன. மாட்டிய காலை எடுக்க யாருக்கும் நேரம் கிடைக்காது.

சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, பின்சக்கரத்தை மெதுவாகச் சுற்றவிட்டு, நீளமான ஒரு விளக்குமாற்று ஈர்க்குச்சியைக் கம்பிகளுக்கு இடையே தள்ளி நழுவவிடுங்கள். கை எட்டியே இருக்கட்டும். குச்சி கம்பியோடு சேர்ந்து பயணப்பட்டு, சட்டத்தின் குழாயில் மோதி, அங்கேதான் முறியும். குழந்தையின் பாதத்துக்கும் இதே கதிதான். 1969இல் அமெரிக்க மருத்துவர்கள் இந்தக் காயத்தை மூன்றாகப் பிரித்து விளக்கினார்கள். கம்பி கத்தியைப்போல் கிழிக்கிறது. சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே பாதம் நசுங்குகிறது. இவ்விரண்டு விசைகளும் சேர்ந்து தோலை உரித்து இழுக்கின்றன.

பெரும்பாலும் அடிபடுவது குதிகாலும் கணுக்காலும். அங்கே தோலுக்கு அடியில் சதைப்பிடிப்பு குறைவு. முதல் நாள் வெறும் சிராய்ப்பாகத் தெரியும் இடம், நசுங்கிய தோலுக்கு ரத்த ஓட்டம் இல்லாமல் சில நாளில் கறுத்துப்போகலாம். அதனால், சின்னக் காயம்தானே என்று மஞ்சள் பற்றுப் போட்டு விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள், இரண்டு நாள் கழித்து மறுபடியும் காட்டுங்கள். கால் மாட்டிக்கொண்டால் வெடுக்கென்று இழுக்காமல், கம்பியை வெட்டி விடுவிப்பதே நல்லது.

நிற்கும்போதுதான் ஆபத்து

கால் பத்திரமானபின் கவனிக்க வேண்டியது எடை. பின்சீட்டின் எடைமையம் பின்சக்கர அச்சுக்கு 10 செ.மீ.க்கு மேல் பின்னால் போகக் கூடாது என்று சீட் தயாரிப்பாளர்கள் சொல்வார்கள். அதைத் தாண்டினால் முன்சக்கரம் எடை இழந்து, ஹேண்டில்பார் அலைபாயும். மேட்டில் ஏறும்போது இது நன்றாகவே தெரியும். பிரேக்குக்கும் வேலை கூடுகிறது. ஆளும் சைக்கிளும் 80 கிலோ, குழந்தை 16 கிலோ என்று வைத்துக்கொண்டால், அதே வேகத்தில் நிறுத்த வேண்டிய ஆற்றல் ஐந்தில் ஒரு பங்கு அதிகம்.

ஓடும் சைக்கிள் தன்னைத்தானே ஓரளவு நிமிர்த்திக்கொள்ளும். நின்ற சைக்கிளுக்கு அந்தத் திறன் இல்லை. ஒற்றைக்கால் ஸ்டாண்டு போட்டு, குழந்தையைச் சீட்டிலேயே விட்டுவிட்டுக் கடையில் பால் பாக்கெட் வாங்கத் திரும்பும் அந்த அரை நிமிடம் மிக மோசமானது. சீட்டில் இருக்கும் குழந்தையின் தலை சுமார் 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கும். அந்த உயரத்திலிருந்து விழும் பொருள் மணிக்குச் சுமார் 17 கி.மீ. வேகத்தில் தரையில் மோதும். குழந்தையைக் கடைசியாக ஏற்றி, முதலில் இறக்குங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஜெர்மனியின் சாலைப் போக்குவரத்து விதி, ஏழு வயது நிறையாத குழந்தையை ஏற்றிச் செல்ல இரண்டு நிபந்தனைகள் வைக்கிறது: தனி சீட் வேண்டும், பாதம் கம்பிக்குள் போகாதபடி மறைப்பு வேண்டும். ஓட்டுபவருக்கு 16 வயதாவது ஆகியிருக்க வேண்டும். நம் நாட்டின் 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி, பின்னால் அமர்பவரின் துணி சிக்காமல் இருக்க மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கச் சொல்கிறது. புடவைத் தலைப்புக்குக் காட்டிய அந்த அக்கறையை, சைக்கிளில் வரும் பிஞ்சுப் பாதத்துக்கு நாமாகத்தான் காட்ட வேண்டும்.

சீட் வாங்கும்போது மெத்தையை அழுத்திப் பார்ப்பதற்கு முன், காலைக் கட்டும் வாருடன் கால்தாங்கி இருக்கிறதா, பக்கவாட்டில் சக்கரத்தை மறைக்கும் தடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். தோள்வார் அவசியம். ஓட்டுபவர் சீட்டின் அடியில் உள்ள ஸ்பிரிங்கை மறைத்துவிடுங்கள். பின்னால் இருக்கும் குழந்தையின் விரல் அதில் நசுங்கும். ஐரோப்பியத் தரநிலைப்படி இந்த சீட்டுகள் 9 முதல் 22 கிலோ வரை உள்ள குழந்தைகளுக்கானவை. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சைக்கிளில் ஏற்றவே வேண்டாம் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் அறிவுரை; அந்த வயதில் தலை பெரிது, கழுத்து இளசு. குழந்தைக்கும் ஹெல்மெட் வேண்டும்.

புது சீட் வாங்கக் கையில் பணம் இல்லாதவர்கள், தெருமுனை சைக்கிள் கடையில் பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் நெருக்கமான வலையை மட்கார்டோடு சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள். கால் வைக்க ஒரு தாங்கியும் பொருத்தச் சொல்லுங்கள். முழு சீட்டுக்கு அது ஈடாகாதுதான். ஆனாலும் குதிகாலைக் காப்பாற்றும். நாளைக் காலை பெடலை மிதிப்பதற்கு முன் ஒருமுறை திரும்பிக் குனிந்து, குழந்தையின் கால் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.