"6 மாத காண்டிராக்ட், உடனே சேர முடியுமா?" ஐ.டி. வேலை தேடும் தென்காசி வாலிபர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

தென்காசி:-

குற்றாலத்தில் சாரல் அடிக்கும் நேரத்தில் சென்னையில் இருந்து என்ஜினீயர் பிள்ளை ஊருக்கு வந்தால், "சீசனுக்கு வந்தியாடே?" என்று தெருவில் கேட்பார்கள். சீசன் முடிந்து அருவியில் தண்ணீர் குறைந்த பிறகும் அவர் பொதிகை எக்ஸ்பிரசில் திரும்பி போகவில்லை என்றால் கேள்வியே மாறி விடும். வேலை போனதை வெளியே சொல்ல முடியாமல் "வீட்டில் இருந்தே வேலை" என்று சொல்லி சமாளிக்கிறவர்களும் உண்டு.

இப்படி வீட்டில் இருக்கும் ஐ.டி. பிள்ளைகளுக்கு வரும் போன் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. "நிரந்தர வேலை இல்லை சார். 6 மாத காண்டிராக்ட். உடனே சேர முடியுமா?"

சேரலாமா, கூடாதா என்பது அவரவர் வீட்டு நிலைமை. ஆனால் எதில் கையெழுத்து போடுகிறோம் என்பது பிள்ளைக்கு மட்டும் அல்ல, பெற்றவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். கல்விக்கடனும், வீட்டுக்கடனும் அந்த சம்பளத்தை நம்பித்தானே இருக்கிறது.

ஏன் காண்டிராக்ட்?

ஐ.டி. தொழிலுக்கு அடி விழுவது இது முதல் தடவை அல்ல. 2001-ல் டாட்காம் கம்பெனிகள் கவிழ்ந்தன. 2008 செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் வங்கி திவாலானது. சில மாதங்களில், 2009 ஜனவரி 7-ந் தேதி ஐதராபாத் சத்யம் கம்பெனியின் கணக்கு மோசடி அம்பலமானது. கொரோனா காலத்தில் நிலைமை தலைகீழ் ஆனது. 2021-ல் ஆட்களை வாரி வாரி எடுத்தார்கள். அந்த வேகம் நீடிக்கவில்லை. 2025 ஜூலையில் டி.சி.எஸ். கம்பெனி தனது ஊழியர்களில் 2 சதவீதம், அதாவது சுமார் 12 ஆயிரம் பேரை குறைக்கப்போவதாக அறிவித்தது. அதில் பெரும்பாலோர் நடுத்தர, மூத்த நிலையில் உள்ளவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

நம் ஊர் கம்பெனிகளுக்கு வேலை கொடுப்பது அமெரிக்கா, ஐரோப்பாவில் உள்ள வங்கிகளும், இன்சூரன்ஸ் கம்பெனிகளும், பெரிய கடைகளும்தான். அங்கே கையை இறுக்கினால் இங்கே புது பிராஜக்ட் தள்ளிப்போகும். போதாக்குறைக்கு கோடு எழுதுவது, டெஸ்டிங் செய்வது போன்ற வேலைகளில் ஒரு பகுதியை செயற்கை நுண்ணறிவே செய்து விடுகிறது.

அதற்காக எல்லா வேலையும் நின்று விடாது. வங்கியின் சாப்ட்வேரை ஒரு நாள் கூட நிறுத்த முடியாது. அதை பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். நிரந்தர ஆளை எடுத்தால் பிராஜக்ட் இல்லாத காலத்திலும் "பெஞ்ச்"சில் உட்கார வைத்து சம்பளம் கொடுக்க வேண்டும். காண்டிராக்ட் ஆளுக்கு அந்த தொல்லை இல்லை. குற்றாலத்து லாட்ஜிலும், ஓட்டலிலும் சீசனுக்கு மட்டும் கூடுதல் ஆள் எடுப்பது போலத்தான்.

பீடிக்கடை கணக்கு

இதில் சிக்கல் எங்கே என்பதை தென்காசி பக்கம் பீடி சுற்றும் பெண்கள் ஒரு நிமிடத்தில் புரிய வைத்து விடுவார்கள். பீடிக்கு பேர் கம்பெனி பேர். ஆனால் இலையும், தூளும் கொடுப்பது காண்டிராக்டர் கடை. யார் பேரில் பாஸ்புக் இருக்கிறதோ அவருக்குத்தான் பி.எப்., போனஸ் எல்லாம். பாஸ்புக் இல்லாமல் அடுத்தவர் பேரில் சுற்றுகிறவருக்கு அன்றைய கூலியோடு சரி.

ஐ.டி. காண்டிராக்டும் கிட்டத்தட்ட இதுதான். ஒரு வெளிநாட்டு வங்கியின் வேலையை பெரிய ஐ.டி. கம்பெனி எடுக்கிறது. ஆள் பிடித்து கொடுக்க ஒரு "வெண்டர்" இருப்பார். அவரிடம் ஆள் இல்லை என்றால் இன்னொரு சின்ன வெண்டரிடம் சொல்வார். வேலை பெரிய கம்பெனியில், அடையாள அட்டையும் அங்கே. சம்பளம் போடுவது மட்டும் யாரும் கேள்விப்படாத சின்ன வெண்டர். பெண் வீட்டாரிடம் சொல்லும் கம்பெனி பேர் வேறு, பி.எப். கணக்கில் வரும் பேர் வேறு!

ஒருவருக்காக பெரிய கம்பெனி மாதம் ரூ.1 லட்சம் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கை மாறி வரும்போது என்ஜினீயர் கையில் ரூ.60 ஆயிரம் நிற்கலாம். அதனால் போன் வந்ததும் முதலில் கேட்க வேண்டியது, "நீங்கள் நேரடி வெண்டரா? சம்பளம் யார் பேரில் வரும்?" என்பதைத்தான். இதற்கு நேராக பதில் சொல்லாத ஆளிடம் ரெஸ்யூம் கொடுக்காமல் இருப்பதே மேல்.

சம்பளமா, பீசா?

காண்டிராக்ட் என்று சொன்னாலும் அதில் இரண்டு வகை உண்டு. இந்த இடத்தில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

ஒன்று, வெண்டரின் சம்பள பட்டியலில் சேருவது. இதில் அடிப்படை சம்பளத்தில் 12 சதவீதம் பி.எப். பிடிப்பார்கள். கம்பெனியும் அதே அளவு போட வேண்டும். ஆனால் பேசும்போது சொல்லும் ஆண்டு சம்பளத்தில் கம்பெனி பங்கையும் சேர்த்தே சொல்வார்கள். கைக்கு வருவது எவ்வளவு என்று தனியாக கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொன்று, "கன்சல்டன்ட்" என்று சேருவது. கேட்க கவுரவமாக இருக்கும். ஆனால் வருவது சம்பளம் அல்ல, பீஸ். பி.எப். கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது, லீவுக்கு காசு கிடையாது. தொழில்முறை பீஸ் என்றால் 10 சதவீதம் வருமான வரியை முன்கூட்டியே பிடித்து விடுவார்கள். அது போனது போனதுதான் என்று விட்டு விடக்கூடாது. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லை என்றால் கணக்கு தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். ஆண்டுக்கு ரூ.20 லட்சத்தை தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவும் செய்ய வேண்டும்.

சட்டத்தில் சில பாதுகாப்புகளும் இருக்கின்றன. 2025 நவம்பர் 21-ந் தேதி 4 புதிய தொழிலாளர் சட்டங்கள் அமலுக்கு வந்தன. இதன்படி வேலைக்கு சேருகிறவருக்கு நியமன கடிதம் கட்டாயம். மாத சம்பளத்தை அடுத்த மாதம் 7-ந் தேதிக்குள் கொடுத்து விட வேண்டும். வேலையை விட்டு நீக்கினால் பாக்கி சம்பளத்தை 2 வேலை நாட்களில் செட்டில் செய்ய வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்கு என்று எடுக்கப்படும் ஊழியர் 1 வருடம் வேலை பார்த்தாலே கிராஜுவிட்டி கேட்கலாம். முன்பு அதற்கு 5 வருடம் காத்திருக்க வேண்டும். ஆனால் கையில் கடிதம் இல்லாமல் போனில் பேசி, வாட்ஸ்அப்பில் "ஓ.கே." போட்டு சேர்ந்தவர் எதை காட்டி கேட்பார்?

பி.எப். பணம் கட்டுகிறார்களா என்பதையும் மாதம் ஒரு தடவை செல்போனில் பார்த்து விடலாம். சம்பள சீட்டில் பிடித்து விட்டு கட்டாமல் விட்டால் பி.எப். நிறுவனத்துக்கு ஆன்லைனிலேயே புகார் கொடுக்கலாம். கம்பெனி கொடுத்த மருத்துவ காப்பீடு காண்டிராக்டின் கடைசி நாளோடு முடிந்து விடும். வீட்டில் வயதான அப்பா, அம்மா இருந்தால் இதை மறக்கவே கூடாது.

உடனே சேரலாம்

வேலை இல்லாமல் வீட்டில் இருப்பதிலும் ஒரு லாபம் இருக்கிறது. நிரந்தர வேலையில் இருப்பவர் 2 மாதம், 3 மாதம் நோட்டீஸ் கொடுத்து விட்டுத்தான் வர முடியும். காண்டிராக்ட் எடுப்பவர்களோ திங்கட்கிழமை ஆள் வேண்டும் என்பார்கள். "உடனே சேரலாம்" என்று ரெஸ்யூமின் முதல் வரியிலேயே போடுவதில் வெட்கம் எதுவும் இல்லை.

அவசரத்தில் சிலர் ஒரே வேலைக்கு 3 வெண்டர் மூலம் ரெஸ்யூம் அனுப்புகிறார்கள். அது வினையாகி விடும். ஒரே ஆள் பேர் இரண்டு பக்கம் இருந்து வந்தால் தகராறு எதற்கு என்று கம்பெனி ஓரம் கட்டி விடும். எந்த கம்பெனிக்கு அனுப்பப்போகிறீர்கள் என்று கேட்டு, ஒரு நோட்டில் குறித்து வைப்பது நல்லது. பழைய டீம் லீடருக்கு ஒரு போன் போடுவது இதை எல்லாம் விட பலன் தரும்.

இல்லாத அனுபவத்தை இருப்பதாக காட்ட போலி சர்டிபிகேட் விற்கும் ஆட்களும் இருக்கிறார்கள். யாருக்கு எந்த கம்பெனியில் எத்தனை மாதம் பி.எப். கட்டப்பட்டது என்பது இப்போது ஒரே எண்ணில் வந்து விடுகிறது. போலி சிக்க அதிக நேரம் ஆகாது. ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்ப்பதும் அப்படித்தான். 2022 செப்டம்பரில் விப்ரோ கம்பெனி போட்டி கம்பெனிகளுக்கும் வேலை பார்த்ததாக 300 பேரை நீக்கியது.

பணம் கேட்டால்...

பதிவு கட்டணம், பயிற்சி கட்டணம், லேப்டாப் டெபாசிட் என்று வேலைக்கு முன்பே பணம் கேட்டால் அது வேலை அல்ல, வலை. பணத்தை இழந்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் கிரைம் எண்ணுக்கு போன் செய்ய வேண்டும். நேரம் ஆக ஆக பணத்தை முடக்குவது கஷ்டம்.

இதை விட கொடுமை, தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று அழைத்துப்போய் மியான்மர் எல்லையில் அடைத்து வைத்தது. அங்கே துப்பாக்கி முனையில் ஆன்லைன் மோசடி செய்ய வைத்தார்கள். சிக்கியவர்களில் தமிழக வாலிபர்களும் இருந்தனர். 2022 செப்டம்பரில் மத்திய வெளியுறவுத்துறை இதற்காகவே எச்சரிக்கை விட்டது. அப்படியும் 2025 மார்ச்சில் 500-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் விமானப்படை விமானங்களில் மீட்டு வரப்பட்டனர். டூரிஸ்ட் விசாவில் போய் சேர்ந்து கொள்ளலாம் என்று ஏஜெண்டு சொன்னால் அந்த பேச்சை அங்கேயே முடித்து விட வேண்டும்.

ஊர் பக்கத்தில்

சென்னை, பெங்களூரில் ரூம் வாடகை கொடுத்து 6 மாத காண்டிராக்டில் மிச்சம் பிடிப்பது கஷ்டம். வீட்டில் இருந்தே வேலை என்றால் அதே சம்பளம் தென்காசியில் வேறு கணக்கு. தென்காசி அருகே மத்தளம்பாறையில் 2011-ல் சோஹோ கம்பெனி சின்ன அளவில் ஆபீஸ் தொடங்கியபோது கிராமத்தில் சாப்ட்வேரா என்று ஆச்சரியமாக பார்த்தார்கள். இப்போது பிளஸ்-2 முடித்தவர்களை உதவித்தொகை கொடுத்து பயிற்சிக்கு எடுக்கும் பள்ளியும் அந்த கம்பெனி நடத்துகிறது. நெல்லை அருகே கங்கைகொண்டானில் எல்காட் ஐ.டி. பூங்கா இருக்கிறது. தூத்துக்குடியில் 2024 டிசம்பரில் மினி டைடல் பார்க் திறக்கப்பட்டது. எல்லோருக்கும் இங்கே இடம் கிடைத்து விடும் என்று சொல்ல முடியாது. ஆனால் பஸ் ஏறும் தூரத்தில் இருக்கும்போது ஒரு தடவை விசாரித்து பார்க்கலாம்.

தென்காசி மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தனியார் கம்பெனிகளுக்கான முகாம்களும் நடத்தப்படுகின்றன. தமிழக அரசின் தனியார் துறை வேலைவாய்ப்பு இணையதளத்தில் பெயரை பதிவு செய்ய கட்டணம் எதுவும் கிடையாது.