கொதித்தால் எது போகும், எது போகாது?

“கேன் தண்ணிதானே, அதை வேற எதுக்குக் கொதிக்க வைக்கணும்?” என்று ஒருவர் கேட்பார். “நல்லா கொதிக்க வச்சுட்டா எந்தத் தண்ணியா இருந்தா என்ன?” என்று இன்னொருவர் கேட்பார். கைக்குழந்தைக்குப் பவுடர் பால் கலக்கும் வீட்டில் இந்த இரண்டு கேள்விகளும் எப்படியும் வந்துவிடும். டீ ஆறுவதற்குள் பதில் சொல்லிவிடலாம். தண்ணீரில் உயிரோடு இருப்பவை வேறு, கரைந்து இருப்பவை வேறு. உயிரோடு இருக்கும் கிருமி கொதித்தால் சாகும். கரைந்திருப்பது எத்தனை கொதி வந்தாலும் போகாது. எந்தத் தண்ணீரை எடுப்பது என்பது கரைந்திருப்பதைப் பொறுத்தது. எடுத்ததை எப்படிப் பக்குவம் செய்வது என்பது கிருமியைப் பொறுத்தது.

ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்குச் சித்திரை வெயிலிலும் தனியாகத் தண்ணீர் தேவையில்லை. பால் போதாமலோ, தாய்க்கு உடம்பு முடியாமலோ மருத்துவர் பவுடர் பால் எழுதிக்கொடுத்த வீட்டுக்குத்தான் இந்தப் பேச்சு.

கரைந்திருப்பதில் குழந்தைக்கு முதல் எதிரி நைட்ரேட். வயலுக்குப் போடும் உரம், செப்டிக் டேங்க், மாட்டுக் கொட்டகை என்று பல வழியாகக் கிணற்றுக்கும் போருக்கும் இறங்கிவிடும். ருசி கிடையாது, நிறம் கிடையாது, வாடையும் கிடையாது. ஆனால் சின்னக் குழந்தையின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை முடக்கிவிடும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹன்டர் காம்லி என்ற மருத்துவர், கிணற்றுத் தண்ணீரில் பால் கலந்து குடித்த குழந்தைகளுக்கு இப்படி ஆனதைக் கவனித்து எழுதினார். நம் நாட்டின் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 இதற்கு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். வரம்பைத் தாண்டிய தண்ணீரைக் கொதிக்க வைத்தால், ரசம் சுண்டச் சுண்ட உப்புக் கரிப்பதுபோல, நைட்ரேட்டின் அளவு ஏறத்தான் செய்யும்.

ஃப்ளோரைடும் அப்படித்தான். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் அது அதிகம். அதற்காகவே ஒகேனக்கல்லில் இருந்து காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். அந்த ஊர்களில் குழாயில் காவிரி வரும்போது பாலுக்கென்று தனியாகப் பிடித்து மூடி வைத்துக்கொள்ளுங்கள். போர் தண்ணீர் புழக்கத்துக்கு இருக்கட்டும்.

போர் தண்ணீரை விட்டால் வேறு வழியில்லை என்றால் சோதித்துப் பார்த்துவிட வேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிக் கொடுக்கலாம். ஃபில்டர் விற்க வருபவர் டம்ளரில் விட்டுக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். கரைந்திருப்பது மொத்தம் எவ்வளவு என்றுதான் அது சொல்லும். அதில் நைட்ரேட் எவ்வளவு என்று சொல்லாது, கிருமி இருக்கிறதா என்றும் சொல்லாது. ஆர்.ஓ. இயந்திரம் நைட்ரேட்டையும் ஃப்ளோரைடையும் பெருமளவு பிடித்துவிடும். வெறும் யு.வி. விளக்கு மட்டும் உள்ளது கிருமியைத்தான் கொல்லும். ஆர்.ஓ. தண்ணீரில் சத்தே இல்லையே என்ற பயம் பாலுக்குப் பொருந்தாது. தாதுச்சத்தெல்லாம் பவுடரிலேயே இருக்கிறது.

செம்புக் குடத்துத் தண்ணீரையும் குழந்தைப் பாலுக்கு எடுக்காதீர்கள். 1980களில் புனேயில் நடந்த ஆய்வுகள், பித்தளை, செம்புப் பாத்திரத்தில் காய்ச்சி வைத்த பாலுக்கும் குழந்தைகளின் ஈரலைத் தாக்கிய கொடிய நோய்க்கும் தொடர்பு இருப்பதைக் காட்டின. எவர்சில்வர் போதும்.

இனி உயிரோடு இருப்பவை. கேன் தண்ணீர் சுத்திகரித்ததுதான்; ஆனால் கிருமியே அற்றதல்ல. கேனைக் கவிழ்த்து வைக்கும் டிஸ்பென்சரின் குழாய், ஆர்.ஓ. இயந்திரத்தின் உள்தொட்டி, மாற்றாமல் விட்ட ஃபில்டர் எல்லாம் கிருமிக்கு இடம். ஆகவே எந்தத் தண்ணீரானாலும் தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் விடுங்கள். ஊட்டி, கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுவதால் மூன்று நிமிடம்.

தண்ணீரைவிட, பலரும் நினைத்துப் பார்க்காத இடம் டப்பாவுக்குள் இருக்கிறது. பால் பவுடரும் கிருமி நீக்கியதல்ல. க்ரோனோபேக்டர், சால்மோனெல்லா போன்றவை அபூர்வமாக அதில் உயிரோடு இருக்கலாம். அபூர்வம்தான், ஆனால் க்ரோனோபேக்டர் பிறந்து இரண்டு மாதம் ஆகாத குழந்தைக்கும் குறைமாதக் குழந்தைக்கும் மூளைக்காய்ச்சல் வரை கொண்டுபோகும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட வழிகாட்டியில், பவுடரைப் போடும்போது தண்ணீர் 70 டிகிரிக்குக் குறையக்கூடாது என்று சொன்னது. கொதித்த தண்ணீருக்கு இங்கே இன்னொரு வேலை: பவுடரில் இருப்பதையும் அதுதான் கொல்ல வேண்டும். ஆறிய வெந்நீரில் கலந்தால் அந்த வேலை நடக்காது. சில டப்பாக்களில் வெதுவெதுப்பான நீர் என்றுதான் போட்டிருக்கும். உங்கள் குழந்தைக்கு எது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்குள் என்றாலும், குறைமாதம் என்றாலும் கட்டாயம் கேளுங்கள்.

தெர்மாமீட்டர் வேண்டாம். ஒரு லிட்டராவது கொதிக்க வைத்து, இறக்கி, மூடிவைத்து, அரை மணிக்குள் எடுத்தால் 70க்கு மேல் இருக்கும். அரை டம்ளர் மட்டும் காய்ச்சினால் அதற்குள் ஆறிவிடும். கொதிக்க வைத்துக் கழுவிய புட்டியில் முதலில் தண்ணீரை அளந்து ஊற்றுங்கள், பிறகு பவுடர். பவுடரை முதலில் போட்டுக் கோடுவரை தண்ணீர் விட்டால் தண்ணீர் குறைந்துபோகும். கலக்கியபின் புட்டியைக் குளிர்ந்த தண்ணீரில் நிற்கவைத்து ஆற்றி, மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துப் புகட்டுங்கள். புட்டியைவிடச் சங்கும் பாலாடையும் மேல்; மூலைமுடுக்கு இல்லாததால் தேய்த்துக் கழுவுவது சுலபம்.

அளவில் ஒரு கண்ணி உண்டு. இங்கே விற்கும் டப்பாக்களில் பெரும்பாலும் ஒரு ஸ்கூப்புக்கு 30 மில்லி தண்ணீர். அமெரிக்காவிலிருந்து சித்தி கொண்டுவரும் டப்பாவில் பெரும்பாலும் ஒரு ஸ்கூப்புக்கு 60 மில்லி. ஸ்கூப் மாறிப்போனால் பால் நீர்த்துப்போகும், இல்லையென்றால் கெட்டியாகிவிடும். நீர்த்த பால் தொடர்ந்து கொடுத்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பு வரலாம். கெட்டிப் பால் உடம்பின் நீரை வற்றவைக்கும். டப்பா நாலு நாள் கூட வரட்டும் என்று ஒரு ஸ்கூப் குறைப்பது சிக்கனமே இல்லை. எந்த டப்பாவோ, அதன் ஸ்கூப், அதில் எழுதியிருக்கும் அளவு.

மிச்சம் ராத்திரி வேளைதான். கலந்த பாலைத் தலைமாட்டில் வைத்து மூன்று மணிக்கு எடுத்துக் கொடுப்பது கூடாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் கிருமி மளமளவென்று பெருகும். கலந்து இரண்டு மணி நேரத்துக்குள் புகட்டாததையும், குழந்தை வாய்வைத்து மிச்சம் விட்டதையும் கொட்டிவிட வேண்டும். படுக்கும் முன் கொதித்த தண்ணீரை நல்ல ஃப்ளாஸ்க்கில் நிரப்பி, பவுடரை அளந்து மூடிய டப்பியில் தனியாக வைத்தால் நடுராத்திரி அடுப்படிக்குப் போக வேண்டாம். ஃப்ளாஸ்க்கைத் திறந்ததும் நன்றாக ஆவி பறக்கவேண்டும். பறக்கவில்லை என்றால் திரும்பக் கொதிக்க வையுங்கள். பஸ் பயணத்துக்கும் அதே ஃப்ளாஸ்க்தான். டீக்கடை பாய்லர் தண்ணீர் நமக்கு டீ போடச் சரி. அது எந்தப் போரிலிருந்து வந்தது, அதில் என்ன கரைந்திருக்கிறது என்று கடைக்காரருக்கே தெரியாது.