வளையாத உத்தரம்

பாலக்காட்டுச் சிற்றூர்களிலும் இடுக்கி மலைச்சரிவுகளிலும் உள்ள பழைய ஓட்டு வீடுகளில் அண்ணாந்து பார்த்தால், சுவருக்குச் சுவர் நீண்டு கூரையைத் தாங்கும் பெரிய மரத்தைக் காணலாம். அதற்கு உத்தரம் என்று பெயர். மலையாளத்திலும் பெயர் அதுவே. இரு மொழிகளிலும் அச்சொல்லுக்கு 'மறுமொழி' என்னும் பொருளும் உண்டு. உத்தரத்தைத் தச்சர் படுக்கைவசமாக வைப்பதில்லை. அகலம் குறைந்த பக்கம் கீழே வருமாறு குத்துவசமாகவே நிறுத்துவார். இந்தப் பழைய அறிவு, கணினியால் இயங்கும் புதிய இயந்திரம் ஒன்றைச் செய்ய முயல்வோருக்கும் மறுமொழியாக அமைகிறது.

எண்களால் இயங்கும் உளி

மரத்தில் பூவேலை செய்யத் தச்சருக்கு உளியும் கைத்திறனும் வேண்டும். அவ்வேலையைக் கணினி தரும் எண்களைக் கொண்டு செய்யும் இயந்திரமே சி.என்.சி. ரௌட்டர். எண்களால் கட்டுப்படுத்தப்பட்ட செதுக்கு இயந்திரம் ஒன்று 1952ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் செயல்படுத்திக் காட்டப்பட்டது. அன்று பெரிய ஆய்வுக்கூடத்திற்கே உரியதாக இருந்த அந்நுட்பத்தை, இன்று ஆர்வமுள்ளோர் தம் வீட்டிலேயே அமைத்துப் பார்க்கின்றனர்.

இவ்வியந்திரத்தின் முதன்மையான உறுப்பு கேன்ட்ரி. இரண்டு கால்களும் அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டமும் கொண்ட, வாயில் போன்ற அமைப்பு அது. பெரிய ரயில் நிலையங்களில் பல தண்டவாளங்களுக்கு மேலாக மின்கம்பிகளைத் தாங்கி நிற்கும் இரும்புச் சட்டங்களும் இவ்வடிவின. ரௌட்டரில் கேன்ட்ரி முழுவதும் முன்னும் பின்னும் நகரும். குறுக்குச் சட்டத்தின் மீது வெட்டும் கருவி இடமும் வலமும் நகரும். மேலும் கீழும் இறங்கி ஏறும்.

கணினி அறியாத பிழை

வீட்டு ரௌட்டர்களில் பெரும்பாலும் படிப்படியாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டார் பயன்படுகிறது. அது ஒரு முழுச் சுற்றுக்கு 200 படிகள் எடுத்துவைப்பதாகக் கொள்வோம். அதனுடன் இணைந்த திருகு ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தினால், ஒரு படிக்கு 0.025 மி.மீ. நகர்வு கிடைக்கும். மோட்டார் இவ்வளவு நுட்பமானது. ஆயினும் வெட்டுங்கருவி மரத்தை அழுத்தும்போது மரமும் கருவியைத் திருப்பி அழுத்துகிறது. அவ்விசையால் சட்டம் 0.1 மி.மீ. வளைந்தால் நான்கு படிகளின் நுட்பம் வீணாகிவிடும். எளிய ரௌட்டரில் கணினிக்கு இவ்வளைவு தெரியாது. எல்லாம் சரியாக நடப்பதாகவே கொண்டு அது அடுத்த எண்ணை அனுப்பும். வட்டமாக வரவேண்டியது கோணலாகும். கருவி அதிர்ந்து மரத்தில் அலை அலையாகத் தழும்பு விழும். சில வேளைகளில் கருவியின் முனை ஒடிந்து தெறிக்கும். ஆகவே விறைப்பு என்பது அழகுக்காக அன்று. நுட்பத்திற்கும் பாதுகாப்பிற்கும் அதுவே அடிப்படை.

படுக்கைவசமும் குத்துவசமும்

50 மி.மீ. அகலமும் 10 மி.மீ. கனமும் உள்ள எஃகுப் பட்டை ஒன்றை, 1 மீட்டர் இடைவெளியுள்ள இரண்டு தாங்கிகளின்மேல் படுக்கைவசமாக வைத்து, நடுவில் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டால் அது ஏறத்தாழ 2.5 மி.மீ. வளையும். அதே பட்டையைக் குத்துவசமாக நிறுத்தினால் வளைவு 0.1 மி.மீ. மட்டுமே. எஃகின் அளவு மாறவில்லை. வைத்த விதம் மாறியதால் விறைப்பு 25 மடங்காகிவிட்டது. குத்துவசமாக வைத்த பலகை ஏன் வலிமை மிக்கது என்பதை 1638ஆம் ஆண்டு வெளியான தம் நூலில் கலிலியோ ஆராய்ந்தார். விறைப்பைப் பொறுத்தவரை விதி இதுவே: சட்டத்தின் உயரம் இரு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும், தாங்கிகளுக்கு இடையிலான நீளம் இரு மடங்கானால் வளைவு எட்டு மடங்காகும். எனவே தேவைக்கு மேல் அகலமான இயந்திரத்தை விரும்புவோர் அதற்கு உரிய விலையை விறைப்பில் கொடுக்க நேரும்.

பெட்டி வடிவம்

கூரையின் சுமை பெரும்பாலும் கீழ்நோக்கியே அழுத்துகிறது. ஆதலால் உத்தரத்திற்குக் குத்துவசம் போதும். ரௌட்டரிலோ விசை பக்கவாட்டிலும் வரும். குத்துவசமாக நின்ற பட்டை பக்கவாட்டு விசைக்கு எளிதில் வளைந்து கொடுக்கும். எனவே எல்லாப் பக்கமும் உயரம் உள்ள சதுரக் குழாயே ஏற்றது. 3 மி.மீ. கனமுள்ள எஃகுத் தகட்டாலான 40 மி.மீ. சதுரக் குழாயை விட, அதே கனமுள்ள 80 மி.மீ. குழாய் இரு மடங்கு எடையே உடையது. விறைப்போ ஏறத்தாழ ஒன்பது மடங்கு. அலுமினியம் எஃகைவிட எடை குறைந்தது. ஆனால் அதன் விறைப்பு எஃகின் விறைப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே. ஆகவே அலுமினியச் சட்டம் இன்னும் பருமனாக இருத்தல் வேண்டும்.

முறுக்கும் விசை

வெட்டும் முனை குறுக்குச் சட்டத்திற்குக் கீழே தொங்குகிறது. முனையில் தள்ளும் விசை, திருகுமறையைத் திருப்பும் ஸ்பேனர் போலச் சட்டத்தை முறுக்குகிறது. முனை எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவுக்கு முறுக்கும் மிகும்.

இதனை எளிதில் சோதிக்கலாம். தடித்த காகித அட்டைக் குழாய் ஒன்றை இரு கைகளாலும் முறுக்கிப் பார்க்க வேண்டும், அது அசையாது. பின்னர் அதை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நீளவாக்கில் கீறிவிட்டு முறுக்கினால், துணிபோல் நெகிழ்ந்து கொடுக்கும். அட்டை குறையவில்லை, மூடிய வடிவம் திறந்தது, அவ்வளவே. மெல்லிய தகட்டாலான மூடிய குழாயின் முறுக்கு விறைப்பு, கீறிய குழாயைவிடப் பல நூறு மடங்கு மிகுதி. ஆகவே ஒரு பக்கம் திறந்த சட்டத்தைக் குறுக்குச் சட்டமாக வைப்பது நன்றன்று.

கால்களும் இணைப்புகளும்

குறுக்குச் சட்டம் மட்டும் விறைப்பாக இருந்தால் போதாது. கால்களின் நெகிழ்வு, மறைகளின் தளர்வு, தண்டவாளத்தில் ஓடும் வண்டியின் ஆட்டம் ஆகிய அனைத்தும் ஒன்றோடொன்று கூடி முனையில் பிழையாக வெளிப்படும். எனவே கால்கள் குட்டையாகவும் அகன்றும் இருத்தல் வேண்டும். மூலைகளில் முக்கோணத் தகடு பொருத்துதல் நலம்.

மேசையின் இழுப்பறையை ஒரு மூலையில் மட்டும் பிடித்து இழுத்தால் அது சாய்ந்து சிக்கிக்கொள்ளும். அகன்ற கேன்ட்ரியை ஒரு பக்கம் மட்டும் தள்ளினாலும் அவ்வாறே நேரும். இதனைத் தவிர்க்க இரு கால்களையும் ஒரே அளவில் நகர்த்தும் இரண்டு திருகுகளை அமைப்பர். அளவுக்கு மீறிக் கனமாகச் செய்வதும் தவறே. கனத்த கேன்ட்ரியைத் திடீரென நகர்த்தவும் நிறுத்தவும் இயலாமல் மோட்டார் படிகளைத் தவறவிடும்.

செய்து முடித்ததும் மரத்தை வைப்பதற்கு முன், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, முனையருகே டயல் கேஜ் என்னும் அளவுக்கருவியைப் பொருத்திக் கையால் தள்ளிப் பார்த்தல் வேண்டும். முள் எவ்வளவு நகர்கிறது என்பதே கேன்ட்ரி எழுதும் தேர்வின் மதிப்பெண். இயக்கும்போது பெரியோர் உடனிருத்தலும் கண்ணாடி அணிதலும் இன்றியமையாதன.

மலை தரும் சான்று

இடுக்கியில் குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் இடையே பெரியாற்றைத் தடுத்து நிற்கும் வளைவு அணை, ஏறத்தாழ 169 மீட்டர் உயரமுடையது. நீரின் அழுத்தத்தை அதன் வளைந்த வடிவம் இருபுறமும் உள்ள பாறைகளுக்குக் கடத்துகிறது. எடையை மட்டும் நம்பும் நேரான அணைக்கு அவ்விடத்தில் இன்னும் மிகுதியான கான்கிரீட் தேவைப்பட்டிருக்கும். அணைக்கும் உத்தரத்திற்கும் கேன்ட்ரிக்கும் பொதுவான உண்மை ஒன்றே: உறுதியைத் தருவது பொருளின் அளவு மட்டுமன்று, அப்பொருள் எங்கே, எவ்வடிவில் நிற்கிறது என்பதுமாகும்.

சிந்தித்து விடை தருக

1. உத்தரத்திற்குக் குத்துவசம் போதும். கேன்ட்ரிக்கு ஏன் போதாது?
2. குறுக்குச் சட்டத்தின் நீளத்தைப் பாதியாகக் குறைத்தால், அதே விசைக்கு ஏற்படும் வளைவு எத்தனையில் ஒரு பங்காகும்?
3. உமது வீட்டிலோ ஊரிலோ குத்துவசமாகவும் பெட்டி வடிவிலும் அமைந்த சட்டங்களைக் கண்டு, அவற்றின் பெயர்களைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதுக.