காலை உணவும் சிறுநீரகம் எனும் அமானிதமும்

 

நமது உடல் நமக்குச் சொந்தமானதன்று. அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் அது. அவ்வுடலில் ஓசையின்றி உழைப்பவை சிறுநீரகங்கள். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 இலட்சம் நுண்ணிய வடிகட்டிகளை இறைவன் அமைத்துள்ளான். நாளொன்றுக்குச் சுமார் 180 லீற்றர் நீர்மம் அவற்றினூடாக வடிந்து, பெரும்பகுதி மீண்டும் குருதியைச் சேர்கின்றது. அழிந்துபோன வடிகட்டி மீண்டும் உருவாவதில்லை.

சிறுநீரக நோய் என்றதும், அது அநுராதபுரப் பகுதி விவசாயிகளுக்கு வருவது என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். 1990களில் வடமத்திய மாகாணத்தில் இனங்காணப்பட்ட அந்நோயின் காரணம் இன்னும் முழுமையாக நிறுவப்படவில்லை. ஆயினும் உலகளவில் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும் முதன்மைக் காரணங்கள் நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமுமே. இவ்விரண்டும் மட்டக்களப்பு வாவிக்கரையிலுள்ள நமது வீடுகளுக்கும் வந்துவிட்டன.

சுபஹ் தொழுகைக்குப் பின் நாம் உண்பதைச் சற்றுச் சிந்தியுங்கள். டின்பால் கலந்த தேநீர், பராட்டா, பாணுடன் கருவாட்டுச் சம்பல். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுமைக்கும் பரிந்துரைக்கும் உப்பு 5 கிராமுக்கும் குறைவு; அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. அதில் பெரும்பங்கைக் காலையிலேயே முடித்துவிடுகின்றோம். மிகையான உப்பு இரத்த அழுத்தத்தை உயர்த்துகின்றது. இனிப்பும் மாவும் அளவு மீறினால் உடல் பருத்து, நீரிழிவுக்கு வழி திறக்கின்றது. ஆண்டுக்கணக்கில் இவை வடிகட்டிகளைத் தழும்பாக்குகின்றன. வலி இராது, அறிகுறி தென்படும்போது பெரும்பகுதி அழிந்திருக்கும்.

மற்றொரு வழக்கமும் உண்டு. சீனி வருத்தம் குறையுமென நம்பி, வெறும் வயிற்றில் காமரங்காய்ச் சாறு அருந்துவோர் உளர். அதிலுள்ள ஒக்சலேற்று சிறுநீரகத்தில் படிகமாகப் படிந்து அதனைத் திடீரெனச் செயலிழக்கச் செய்யக்கூடும். இத்தகைய பாதிப்புகளை நம் நாட்டு வைத்தியர்களே பதிவு செய்துள்ளனர். இயற்கையானது என்பதனால் மட்டும் ஒன்று தீங்கற்றதாகிவிடாது.

உண்ணவும் பருகவும் அனுமதித்த இறைவன் வரம்பு மீறுவதைத் தடுத்துள்ளான். வயிற்றின் மூன்றிலொரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியுள்ளார்கள். ஆகவே தேநீரில் சீனியைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். கருவாட்டுக்குப் பதிலாகப் பச்சை மீனையும், பராட்டாவுக்குப் பதிலாகக் குரக்கன் பிட்டையும் நாடுங்கள். நீரிழிவோ அழுத்தமோ உள்ளோர் மருந்தைத் தாமாக நிறுத்தாது, ஆண்டுக்கொரு முறையேனும் சிறுநீரிலுள்ள புரதத்தையும் குருதியிலுள்ள கிரியேற்றினினையும் அரச வைத்தியசாலையில் பரிசோதித்துக்கொள்ளுங்கள். சிறுநீரக நோய் ஏற்கெனவே உள்ளவர்கள் தமது உணவை வைத்தியரின் ஆலோசனைப்படியே அமைத்துக்கொள்ள வேண்டும்.

ஒப்படைக்கப்பட்டதைப் பற்றி நாளை மறுமையில் வினவப்படுவோம். அமானிதத்தைப் பேணி வாழும் நல்லடியார்களாக வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.